மலைநாட்டில் ஒரு பழைய லேண்ட் ரோவர்: துருவும் பழுதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வேலை செய்பவன் நான். லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆள்தான் மாறுகிறார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

பதில்கள் 1958-இல் வந்த சீரீஸ் 2, அதன் பின் வந்த 2ஏ, 1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3 ஆகிய வண்டிகளுக்கானவை. மிட்சுபிஷி, வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் துரு பற்றிய பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் துரு என்பதைக் 'கறள்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

லேண்ட் ரோவர் அலுமினிய வண்டிதானே, அதுக்கு எப்படிங்க துரு புடிக்கும்?

மேலே தெரிவது மட்டும்தான் அலுமினியம். 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரித்தானியாவில் போர் முடிந்து இரும்புக்குப் பங்கீடு இருந்தது. விமானம் செய்த அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸி, எஞ்சினுக்கும் நம் காலுக்கும் இடையில் நிற்கும் பல்க்ஹெட், கதவுச் சட்டங்கள், ஸ்பிரிங், அக்ஸில் எல்லாம் இரும்புதான்.

இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மட்கார்டும் கதவும் ஐம்பது வருடமானாலும் நிமிர்ந்து நிற்கும். கீழே சேஸி பப்படம் மாதிரி ஆகியிருக்கும். சேஸி நான்கு பக்கமும் மூடிய பெட்டி. ஓட்டைகள் வழியாகச் சேறு உள்ளே போகும், விடியற்காலைப் பனியின் ஈரம் உள்ளே படியும், காய வழியில்லை. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

எங்கெங்க பார்க்கணும்? கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது.

கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, பலாப்பழம் தட்டிப் பார்ப்பது போல சேஸி நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று திருப்பிச் சொல்லும். போன இரும்பு 'தொப்' என்று அமுங்கும். தொப் என்ற இடத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயின்டும் சேறும்தான் இருக்கிறது.

முதலில் பின்பக்கக் குறுக்குச் சட்டம். பின் டயர் வாரி அடிக்கும் சேறு முழுவதும் அங்கேதான் ஒதுங்கும். அடுத்தது ஸ்பிரிங் மாட்டும் கொம்புகள், உடம்பைத் தாங்கச் சேஸியின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கைகள், பெட்ரோல் டாங்கிக்கு மேல் இருக்கும் பகுதி. பிறகு மேலே வந்து கால் மிதிக்கும் இடத்து ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். பல்க்ஹெட்டின் கால்குழியும் கதவுக் கீல் பிடிக்கும் தூண்களும் அங்கேதான் அழுகும். பாயைத் தூக்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிரேக் குழாய்களை மறக்காதீர்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தின் பின்புறத்தில்தான் அவை துருப்பிடிக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்கிறதா? அந்தக் குழாய் முழுவதையும் மாற்றுங்கள். செப்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள், துருப்பிடிக்காது.

சேஸியில ஒரு ஓட்டை. மேல ஒரு தகடு வச்சு வெல்ட் பண்ணினா போதாதா?

போதாது. ஆனால் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அழுகிய இரும்பின் மேல் தகடு ஒட்டினால் வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பே இல்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்க இடம் வேறு செய்து கொடுக்கிறீர்கள். துரு என்பது இரும்பை விடப் பருமன் கூடியது. நடுவில் வளர்ந்து, ஒட்டிய தகட்டையே நெம்பித் தள்ளும்.

முறை இது: கிரைண்டரால் வெட்டிக்கொண்டே போங்கள், பளபளப்பான இரும்பு வரும்வரை. ஓட்டை ஐந்து சதம் அளவு தெரிந்தது கையளவு ஆகிவிடும், பயப்பட வேண்டாம். அதே அளவுக்கு 2 மில்லிமீற்றர் அல்லது 3 மில்லிமீற்றர் தகடு வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் வெல்ட் பண்ணுங்கள். கூரான மூலையில்தான் பிறகு வெடிப்பு தொடங்கும். வெல்ட் ஆறியதும் சின்க் பிரைமர், அதன் மேல் பெயின்ட், உள்ளே மெழுகு. தண்ணீர் வடிய இருக்கும் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

வெல்ட் தொடங்கும் முன் பெட்டரியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒல்டர்னேட்டர் போகும். பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே வையுங்கள். காலி டாங்கிதானே என்று அருகில் வெல்ட் பண்ணுவது முழு டாங்கியை விட மோசம். உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஸ்பிரிங் கொம்பும் பின் குறுக்குச் சட்டமும் போயிருந்தால் ஒட்டு வேலை வேண்டாம். அந்தத் துண்டு முழுவதையும் வெட்டிப் புதியது வைக்க வேண்டும், அதுவும் வண்டியைச் சமமாகத் தாங்கு கொடுத்து, அளவெடுத்த பிறகு.

பழைய என்ஜின் ஒயில அடியில பூசினா துரு வராதுன்னு அப்பா சொல்வார்.

அப்பா சொன்னதில் பாதி சரி. ஒயில் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் எஞ்சினில் ஓடிக் கறுத்த ஒயிலில் எரிந்த அமிலமும் கசடும் இருக்கும். தோலுக்கும் கெடுதி. ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் மேல் பட்டால் ரப்பர் ஊதும். மலையில் நாம் பூசுவது மழையில் வடிந்து கீழே யாரோ குடிக்கும் ஓடைக்குத்தான் போகும்.

புதிய கியர் ஒயிலைக் கொஞ்சம் இளக்கி, கம்ப்ரெசர் துப்பாக்கியால் சேஸி ஓட்டைகள் வழியாக உள்ளே அடியுங்கள். வெளியே பெயின்ட், உள்ளே ஒயில் அல்லது மெழுகு. மழை தொடங்கும் முன் வருடம் ஒரு தடவை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் என்றால் மே மாதத்துக்கு முன். பதுளை, வெலிமடைப் பக்கம் என்றால் ஒக்டோபருக்கு முன். ஈரச் சேற்றின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பீர்கள். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்ட பிறகு அடியுங்கள்.

சாயத்தண்ணி ஊத்தினா துரு கறுத்துப் போயி நின்னுரும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். சாயம், அதாவது பால் விடாத தேத்தண்ணி, பட்ட கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். கடையில் விற்கும் துரு மாற்றித் திரவங்களில் சிலவற்றில் இருப்பதும் டேனிக் அமிலம் என்ற துவர்ப்புப் பொருள்தான். மற்றவற்றில் பொஸ்போரிக் அமிலம்.

ஆனால் கேத்தலில் வரும் சாயத்துக்கு அந்தப் பலம் இல்லை. கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சும் மெல்லிய படலத்துக்குக் கடைத் திரவத்தைப் பூசுங்கள். காய்ந்து கறுத்ததும் பிரைமர். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் எந்தத் திரவமும் வேலை செய்யாது. சாயத்தண்ணீரை நீங்கள் குடியுங்கள்.

அலுமினியத்துல வெள்ளை மாவு மாதிரி பூக்குது. இதுவும் துருவா?

அலுமினியத்தின் அரிப்பு. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு பெட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். கதவுக்கு அடியிலும், உடம்பு சேஸியோடு போல்ட் ஆகும் இடத்திலும் பூப்பது அதனால்தான்.

மாவைச் சுரண்டி, இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்து, நடுவில் ஒரு ரப்பர் துண்டு வைத்து மாட்டுங்கள். சைக்கிள் டியூப் வெட்டி வைத்தாலும் போதும். ஓட்டை விழுந்திருந்தால் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடியுங்கள். சாதாரண வெல்டிங் பிளான்ட்டால் அலுமினியத்தைத் தொட்டால் உருகி ஒழுகும்.

எங்க ஜீப்புல உர மூட்டை ஏத்துறோம். தளம் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரமா போகுது?

சல்பேட் உப்புதான் காரணம். அமோனியம் சல்பேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கசியும், அமிலத்தன்மை உள்ளது, இரும்பைத் தின்னும். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டும் ஒரு பிடி, தளத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். கூடவே நனைந்த கொழுந்துச் சாக்கின் தண்ணீரும் சேர்கிறது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது தேயிலை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஓய்வு கிடைத்தது ஜீப்பின் தளத்துக்கு மட்டும்தான்.

உரம் ஏற்றிய அன்றே துடைப்பத்தால் கூட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். மேலே மட்டும் கழுவினால் உப்பு கரைந்து சேஸிக்கு இறங்கும். கீழேயும் அடியுங்கள். தடித்த பொலித்தீன் விரித்து ஏற்றுவது எல்லாவற்றையும் விடச் சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை.

மொதல்ல டிங்கரிங் பண்ணி, புட்டி போட்டு, பெயின்ட் அடிச்சிருவோமே? பார்க்க நல்லா இருக்கும்ல.

பெயின்ட் கடைசி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிரேக், ஸ்டியரிங், சேஸி, பிறகு எஞ்சின், பிறகு வயரிங், எல்லாம் முடிந்து கையில் காசு மிஞ்சினால் பெயின்ட். முதலில் பெயின்ட் அடித்த வண்டியில் சேஸி வெல்ட் பண்ணப் போனால் அந்தப் பெயின்ட் கருகும். புட்டி, பள்ளம் நிரப்பத்தான். ஓட்டை மூட இல்லை. அது ஈரத்தை உறிஞ்சி இரண்டு மழையில் கொப்பளிக்கும்.

2022-ல டீசல் வரிசை நேரம் நிப்பாட்டினது. இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சாவியைத் தொடாதீர்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரால் இழுத்தால் வளையம் உடையும். பெட்ரோல் எஞ்சின் என்றால் பிளக்கைக் கழற்றி, டீசல் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி ஒயில் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடி போட்டு மெல்லச் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பிளக்கை மாட்டிய பிறகு எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

சுற்றினால் டாங்கியில் கிடக்கும் எரிபொருளை வடித்துவிடுங்கள். ஒயில், பில்டர், பிரேக் திரவம் எல்லாம் புதிது. வயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கும். கிளட்ச் தட்டு துருவினால் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். பெடலை அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஓர் இரவு விட்டால் சில வண்டிகளில் விடும். கியரில் போட்டு ஸ்டார்ட் அடித்து உதறி எடுக்கும் வித்தையை மேட்டில் செய்யாதீர்கள். பிரேக் இல்லாத வண்டி அது.

டீசல் வண்டி. காலைல ஸ்டார்ட்டே ஆகுதில்ல, கீழ கம்பளைக்குப் போனா ஒரே அடியில ஆகுது.

குளிர்தான். ஜனவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி விழும் ஊர் இது. பழைய 2.25 லீற்றர் டீசலில், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். பழைய சீரியல் பல்பு மாலையில் ஒன்று போனால் எல்லாம் அணைவது போல, ஒரு பிளக் போனால் நான்கும் வேலை செய்யாது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். போனதை வயரால் தாண்டி இணைத்தால் மிச்ச மூன்றுக்கும் மின்சாரம் கூடி அவையும் எரியும். தனித்தனியாக மின்சாரம் வாங்கும் வகைப் பிளக்குக்கு மாற்றி, வயரையும் மாற்றிவிட்டால் தொல்லை விட்டது.

பிளக் சரியாக இருந்தும் ஆகவில்லை என்றால் பெட்டரி, எர்த் வயர். அது பற்றிப் பின்னால் வருகிறது.

கொழும்பு ரோட்டுல நல்லா ஓடுது. பட்டிப்பொளைப் பக்கம் ஏறினா இழுவையே இல்ல, புகை வேற கறுப்பு.

வண்டியில் குறை இல்லாமலும் இருக்கலாம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பட்டிப்பொளை அதற்கும் கொஞ்சம் மேலே. இருக்கும் அறுபது எழுபது குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்கிறது. காற்று குறைந்தும் எரிபொருள் அதே அளவு போவதால் கறுப்புப் புகை.

ஆனாலும் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். இந்த வண்டிகளில் இருப்பது ஒயில் தொட்டி வகை. அடியில் ஒயிலுக்குப் பதில் களிமண் இருந்தால் மலை மேல் பழி போட வேண்டாம். டீசல் பம்பின் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருகி 'இழுவை கூட்ட' யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். இழுவை வராது, புகைதான் கூடும். வருட லைசன்ஸுக்கு முன்னால் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

ரம்பொடை ஏத்தத்துல தண்ணி கொதிக்குது. மெக்கானிக் பாஸ் தேர்மோஸ்டாட்ட கழட்டச் சொல்றார்.

கழற்றாதீர்கள். தேர்மோஸ்டாட் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு திறந்துவிடும் கதவு. நம் குளிரில் அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே ஆகாது. எரிபொருள் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். பழையது திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் புதிது போடுங்கள். சுடுதண்ணீர்ச் சட்டியில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தரும் அழுத்தம்தான் அதை நூறுக்கு மேலே தள்ளி வைக்கிறது. ரப்பர் காய்ந்த மூடியால் கொழும்பில் தப்பிவிடலாம், மலையில் முடியாது. அடுத்தது ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த சேறும் பூச்சியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிறகு பேன் பெல்ட். எல்லாம் சரியாக இருந்தும், தண்ணீர் குறைந்து, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால், எஞ்சின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரேக் புடிச்சா ஒரு பக்கம் இழுக்குது. பெடலும் ஆழமா போகுது.

இரண்டு தனி வியாதி. ஆழமாகப் போவது பெரும்பாலும் ட்ரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியதால். ஒவ்வொரு ட்ரம்முக்கும் பின்னால் இருக்கும் அட்ஜஸ்டரை, சக்கரம் உரசும்வரை திருகிவிட்டுக் கொஞ்சம் இளக்குங்கள். அதன் பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று. ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சக்கரத்தில் சிலிண்டர் துருவால் இறுகியதால், அல்லது சக்கர நடுவில் இருக்கும் ஹப்பின் சீல் கசிந்து ஷூ ஒயிலில் ஊறியதால். ஊறிய ஷூவைப் பெட்ரோலால் கழுவி மாட்டினால் இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் இழுக்கும். மாற்றுங்கள், இரண்டு பக்கமும்.

பிரேக் திரவம் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்கிறது, நீண்ட இறக்கத்தில் சூடாகி ஆவியாவதும் அதுவே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். அந்த டப்பாவில் எஞ்சின் ஒயில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் எரியும் பிரேக் வாசனை வராத நாள் இல்லை.

ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் பின் டயரை ஜாக்கி அடிச்சேன். வண்டி உருண்டு போச்சு. ஹேண்ட் பிரேக் பழுதா?

பழுதில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி. மற்ற வண்டிகளைப் போலச் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அக்ஸிலுக்குப் போகும் தண்டில் ஒரு தனி ட்ரம். தண்டைப் பிடித்து வைத்தாலும், ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டே, தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்தை உருளவிடும். இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரென்ஷியலின் இயல்பு அது. சமதரையில் தெரியாது, லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறும் ரோட்டில் ஆளைக் கொல்லும்.

ஜாக்கி அடிக்கும் முன் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். உள்ளங்கைக் கல் இல்லை, தூக்கக் கஷ்டமான கல். நான்கு சக்கர இழுவையையும் போட்டுவிடுங்கள். முன் தண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். முன் ஹப்பில் பூட்டுக் குமிழ் போட்டிருந்தால் அதையும் பூட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஹேண்ட் பிரேக்கை இழுக்கவே கூடாது, தண்டும் அக்ஸிலும் முறுக்குத் தாங்காது. நிற்கும்போதும் பிடிக்கவில்லை என்றால் கியர் பெட்டியின் பின் சீல் கசிந்து அந்த ட்ரம்முக்குள் ஒயில் போயிருக்கும்.

மஞ்சள் குமிழை அமுக்கிட்டேன், இப்ப விடமாட்டேங்குது.

அந்தக் குமிழ் நான்கு சக்கர இழுவையைப் போடுவது. அதைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். இந்த வண்டியில் முன் அக்ஸிலுக்கும் பின் அக்ஸிலுக்கும் நடுவில் டிபரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரம் கூடத் தூரம் ஓடும். சேற்றில் அது வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காமல் உள்ளே முறுக்கேறும். கொஞ்சம் நேராகப் பின்னால் எடுங்கள், முறுக்கு விடும். வண்டியை நிறுத்தி, சிவப்பு லீவரை முழுவதும் பின்னால் இழுத்து, பிறகு முன்னால் தள்ளுங்கள், குமிழ் மேலே வரும். சுத்தியல் எடுக்க வேண்டாம்.

ரிவர்ஸ்ல கிளட்ச்ச விட்டதும் 'டக்'னு ஒரு சத்தம். இப்ப கியர் விழுது, வண்டி நகருதில்ல.

பின் அக்ஸிலுக்குள் இருக்கும் அரைத்தண்டு முறிந்திருக்கிறது. சீரீஸ் வண்டியின் பலவீனமே இதுதான். நல்ல செய்தி, சக்கரத்தைக் கழற்றாமலே தண்டை வெளியே இழுக்கலாம். ஹப்பின் நடுவில் இருக்கும் ஆறு போல்ட்டைக் கழற்றினால் போதும். மஞ்சள் குமிழை அமுக்கினால் முன் அக்ஸிலில் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். மெதுவாக, அவசரத்துக்கு மட்டும்.

புதுத் தண்டு போடும் முன், உள்ளே தங்கிய முறிந்த துண்டைக் காந்தம் வைத்தோ கம்பிச் சுருக்குப் போட்டோ எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் போட்டவர் ஒருவருக்கு அடுத்த மாதமே டிபரென்ஷியல் பல்லும் சேர்ந்து போனது. தண்டு மலிவு, டிபரென்ஷியல் மலிவில்லை.

ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. இன்னொரு ஜீப்புல ஆடு ஆடுன்னு ஆடுது.

கல் மாதிரி இருந்தால் டயர் காற்றைப் பார்த்துவிட்டு, முன் குறுக்குச் சட்டத்துக்குள் செங்குத்தாக நின்று ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் ரிலேயைப் பாருங்கள். ஒயில் இல்லாமல் உள்ளே துருப்பிடித்திருக்கும். மேல் போல்ட் ஒன்றைக் கழற்றிச் சொட்டுச் சொட்டாக ஒயில் விடுங்கள், முழுநாள் எடுக்கும். அதைப் பிரிக்க மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே பலமான ஸ்பிரிங் ஒன்று அமுங்கி நிற்கிறது. தெரியாமல் திறந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

ஆடுகிறது என்றால் பந்து மூட்டுகள், வீல் பேரிங், சக்கரம் திரும்பும் ஸ்விவல் பின் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்விவலின் குரோம் உருண்டையில் துரு குழி விழுந்திருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் ஒயில் ஒழுகும். உருண்டை வாங்கக் காசில்லை என்றால், பின்னாளில் லேண்ட் ரோவரே பயன்படுத்திய, இளகிய கிரீஸை ஒயிலுக்குப் பதில் நிரப்பலாம். ஒழுகாது. இது ஒத்திப்போடுவதுதான், ஆனால் நேர்மையான ஒத்திப்போடல்.

லைட் மங்கலா எரியுது. ஸ்டார்ட் அடிச்சா சோக் கேபிள் சுடுது! பேய் பிடிச்சிருக்கா?

பேயின் பெயர் எர்த். எஞ்சினையும் சேஸியையும் இணைக்கும் பின்னல் வயர் துருவிலோ ஒயிலிலோ போய்விட்டது. ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரும் மின்சாரம் திரும்ப வேறு வழி தேடி, சோக் கேபிள் வழியாக வருகிறது. வயர் தொடும் இடத்தைப் பளபளக்கச் சுரண்டி, புதிது போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். லைட்டுகளுக்கும் அலுமினிய உடம்பை நம்பாமல் தனி எர்த் வயர் இழுங்கள். முன்னே சொன்ன வெள்ளை மாவு மின்சாரத்தையும் தடுக்கும். பெட்டரி மாட்டும் முன் ஒன்று: 1960-களின் பழைய வண்டிகள் பலவற்றில் எர்த் ஆவது நேர்முனை. தெரியாமல் மாற்றி மாட்டினால் புது ரேடியோ, ஒல்டர்னேட்டர் எல்லாம் புகையாகும்.

பழைய எஞ்சினைத் தூக்கிட்டு ஜப்பான் டீசல் போட்டா என்ன? எல்லாரும் போடுறாங்க.

போடலாம். பாகம் கிடைக்கும், டீசல் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் எஞ்சின் விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். தாங்கு, கிளட்ச், கியர் பெட்டியோடு சேர்க்கும் தட்டு, ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் லேத் வேலை. பழைய கியர் பெட்டியும் மேலே சொன்ன அரைத்தண்டும் புதுப் பலத்தைத் தாங்க வேண்டும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் போக வேண்டும். போகாமல் விட்டவர்கள் விற்கும் நாளில் அழுகிறார்கள். என் கருத்து: பழைய எஞ்சின் நன்றாக இருந்தால் விடுங்கள். அது மெதுவாக ஓடும், ஆனால் ஒரு ஸ்பேனர் பெட்டியோடு ரோட்டோரத்தில் திறக்கக்கூடிய எஞ்சின்.

பாகம் எங்க வாங்குறது? பஞ்சிகாவத்தைக்குத்தான் போகணுமா?

பெரும்பாலும் ஆம், கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த இடம் அது. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். 'சீரீஸ் 3' என்று வாயால் சொன்னால் வேறு ஏதாவது தருவார்கள். சீல், பேரிங், பிரேக் ரப்பர் ஆகியவற்றில் மலிவுப் பிரதி வேண்டாம். பேரிங்கில் பொறித்த நம்பரைச் சொன்னால் கண்டியில் பேரிங் கடையிலேயே கிடைக்கும், ஜீப் பெயரே சொல்லத் தேவையில்லை.

சேஸி மொத்தமா போச்சு. வேற ஒரு வண்டியோட சேஸிய வாங்கி மாட்டிரலாமா?

வேலை சுலபம், புத்தகம்தான் கஷ்டம். அந்தச் சேஸியில் அந்த வண்டியின் நம்பர் இருக்கும். திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் மாற்றினாலோ, பழைய நம்பரை வெட்டிப் புதியதில் ஒட்டினாலோ அது குற்றம், வண்டியும் போகும். முதலில் அனுமதி, பிறகு கிரைண்டர்.

இன்னொரு பொறி இருக்கிறது. இந்த வண்டிகளில் சேஸி நம்பர் பெரும்பாலும் வலது முன் ஸ்பிரிங் பிடிக்கும் கொம்பில் குத்தியிருக்கும். துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்று மேலே சொன்னேன். டிங்கர் வேலைப் பையன் ஆசையோடு கிரைண்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் உங்கள் வண்டிக்கு ஊர் பேர் இல்லாமல் போய்விடும். வேலை தொடங்கும் முன் அந்த இடத்தைக் கையால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, படம் எடுத்து, கிரீஸ் பூசி, மேலே டேப் சுற்றிவிடுங்கள்.

இவ்வளவு செலவு பண்ணி இத வச்சிருக்கிறது லாபமா அண்ணே?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஜீப் எல்லாம் ஏறிய விலைக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். என் கணக்கு எளிது: சேஸியில் ஒட்டும் இடம் இரண்டு மூன்று என்றால் செய்யுங்கள். பின் குறுக்குச் சட்டம், இரண்டு கொம்பு, பல்க்ஹெட் தூண் எல்லாம் சேர்ந்து போயிருந்தால், அதே காசுக்கு நல்ல சேஸியோடு எஞ்சின் செத்த வண்டி ஒன்றைத் தேடுங்கள். எஞ்சினை நாலு நாளில் இறக்கி ஏற்றலாம். சேஸி வேலை ஒரு மழைக்காலத்தையே தின்னும்.